வேலை இல்லையென்று சொல்லாத ஆதம்பாவா

1

இன்று விடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. என் மகள் நூரு சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உம்மா, சோறு ஹாபிஸ்" என்றாள். ஹாபிஸ் மலாய்ச் சொல். தீர்ந்துவிட்டது என்று பொருள். இந்த நாட்டில் கடையில் மீன் தீர்ந்தாலும் ஹாபிஸ், பஸ்ஸில் சீட்டுத் தீர்ந்தாலும் ஹாபிஸ், பள்ளிக்கூடம் விட்டாலும் ஹாபிஸ். என் மனைவி சவுதா அகப்பையும் கையுமாகத் திரும்பினாள்.

"வாயக் கழுவுடி! சோத்துப் பானையப் பாத்து முடிஞ்செண்டு சொல்லுறதா? பறக்கத்தெண்டு சொல்லு."

"பானைக்குள்ள ஒண்டுமே இல்லயே உம்மா."

"மறுகாவும் சொல்லுறா பாருங்க! ஒண்டும் கிடக்காத நேரத்திலதான் பறக்கத்தெண்டு சொல்லணும். கிடந்தா என்னத்துக்குச் சொல்லுற? கண்ணுக்குத் தெரியுமே."

நூருவுக்கு எட்டு வயது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ் அவளுக்கு வீட்டுச் செருப்புப் போல. வாசலில் கழற்றிவிட்டுப் போய்விடுவாள். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்: "வாப்பா, அது பொய்தானே?"

நான் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்பு முட்டியது. பறக்கத்து என்றால் நிறைவு, பெருக்கம். இந்த ஒரு சொல், எங்கள் கல்முனைக் கரையில் பிள்ளைகள் பால்குடி மறக்குமுன் பழகிவிடுகிற இந்தச் சொல், இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மாநிலத்தின் வேலைக் கணக்கையே தலைகீழாகப் புரட்டிப்போட்டது. அந்தப் புரட்டில் மாட்டிக்கொண்ட மனிதனுடைய மனைவியும் மகளும் இன்று கப்பலில் வருகிறார்கள். அவர்களை அழைக்க நாங்கள் பினாங்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பல வருடங்களுக்கு முன் இதே தேதியில் இதே பினாங்கில்தான் நானும் வந்து இறங்கினேன். வருடாவருடம் இந்த நாளில் சவுதா இனிப்புக்கு வட்டிலப்பம் அவிப்பாள். இன்று இரண்டு சட்டி அவித்திருந்தாள். ஒன்று எனக்கு. மற்றது கப்பலுக்கு.

2

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் தொழிலை விளங்கப்படுத்துவது எப்போதும் பெரும்பாடு. "நீ அங்க என்னதான் மகன் செய்யிறாய்?" என்று உம்மா எழுதிக் கேட்டா. மற்ற ஆட்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று மாதாமாதம் எழுதிவைக்கிறேன் என்று பதில் போட்டேன். அடுத்த தபாலில் வந்தது: "நல்லது மகன். அப்பிடியே உனக்கும் ஒரு வேலையைப் பாத்துக்கொள்."

ஈப்போவில் உள்ள லேபர் கந்தோரில், வேலை தேடுகிறவர்களைப் பதிகிற அலுவலகத்தில், நான் எழுதுவினைஞன். பேராக் மாநிலத்தில் வேலை கேட்டு வருகிறவர்களின் எண்ணிக்கை மாதம் முடிந்ததும் என் மேசைக்கு வரும். புதிதாக வேலை தேடி வந்தவர்கள் ஒரு பத்தி. வேலை கிடைத்துப் போனவர்கள் ஒரு பத்தி. சொல்லாமல் கொள்ளாமல் வராமற் போனவர்கள் இன்னொரு பத்தி. கூட்டிக் கழித்து, மிச்சம் நிற்கிறவர்களை ஒரு புள்ளியாக்கி, சுவரில் தொங்கும் பெரிய தாளில் வைப்பேன். போன மாதத்துப் புள்ளியிலிருந்து இந்த மாதத்துப் புள்ளிக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அவ்வளவுதான் என் வேலை. ஆனால் அந்தக் கோடு என்னைச் சும்மா இருக்கவிடாது. பார்த்துக்கொண்டே நின்றால் அது மூச்சு விடும்.

சீனப் புத்தாண்டு வருகிற மாதத்தில் அது தாழும். பட்டாசு வெடிக்கிற கிழமையில் எந்தச் சீனனும் வேலை கேட்டு வரிசையில் நிற்கமாட்டான். அது கழிந்ததும் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும், பால் சுருங்கும், தோட்டங்களில் கத்திகள் ஓயும், கோடு மெல்லத் தலைதூக்கும். மழை, பள்ளி விடுமுறை, பெருநாள், எல்லாவற்றுக்கும் அந்தக் கோட்டில் ஒரு நெளிவு உண்டு. ஒரு மாநிலம் முழுவதும் ஒரே பாயில் படுத்துப் புரள்கிற மாதிரி.

இந்த வருடம் அது புரளவில்லை. எழும்பி நின்றுவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து வருடம் திரும்பவில்லை, அதற்குள் ஈயத்தின் விலை சரிந்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாகப் பம்புகளை நிறுத்தின. இராப்பகலாக அந்த இரைச்சலிலேயே தூங்கிப் பழகிய ஊர், அமைதி தாங்காமல் விழித்துக்கிடந்தது. எங்கள் கந்தோர் வாசலில் வரிசை வளைந்து, தேநீர்க் கடையைத் தாண்டி, தையற்காரரின் கடைவரை போனது.

அந்த வரிசையில்தான் ஆதம்பாவா நின்றான்.

3

ஆதம்பாவா சாய்ந்தமருதுக்காரன். எனக்குச் சில வயது இளையவன். என் வாப்பாவுக்கு மாவடிப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது; வெள்ளாமை வெட்டுக்கு வருகிற ஆட்களில் அவனும் ஒருவன். மாசியில் அரிவாள் பிடிப்பான். கடல் அடங்கினால் கரைவலைக் கயிற்றைப் பிடிப்பான். கடல் கொந்தளிக்கிற மார்கழியில் மருதமுனையில் தன் மாமன் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பான். கல்லோயாவில் அணை கட்டின காலத்தில் அங்கே மண் சுமந்தான். எங்கள் கரையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஒரு மாதம் மீன்காரன், ஒரு மாதம் வயற்காரன். என் கோட்டை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டால் எந்த மாதத்தில் அவனை வேலையில்லாதவன் என்று வைப்பது? அவனிடம் கேட்டால், "இண்டைக்கு வலைக்குப் போகல்ல, நாளைக்கு வாய்க்கால் வெட்டு" என்பான்.

அணை வேலை ஓய்ந்ததும், உறவுக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டுக் கப்பலேறி, ஈப்போவுக்கு அருகே ஒரு ஈயச் சுரங்கத்தில் சேர்ந்தான். அப்போது அவன் மகள் றமீசா தொட்டிலில். இத்தனை காலமும் மனைவி பாத்தும்மாவையும் அந்தப் பிள்ளையையும் இங்கே கூப்பிட அலைந்து, கடைசியில் குடிவரவுக் கந்தோர் ஒருவழியாக அனுமதிக்கு இணங்கியது. ஒரேயொரு நிபந்தனை: மார்ச் முடிவதற்குள், தான் வேலையில் இருப்பதற்கான அத்தாட்சியை அவன் காட்டவேண்டும். தவறினால் விண்ணப்பம் குப்பைக்கு. பிறகு புதிதாகத் தொடங்கினால் எத்தனை வருடமோ.

இணங்கிய கையோடு சுரங்கம் மூடிக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கிழக்குக் கரைக்கு அப்பால் வளர்ந்தவர்களுக்கு இது தெரியாது. சூடடித்த நெல்லைக் களத்தில் குவித்து அளக்கிறபோது எங்கள் ஆட்கள் வேறு விதமாகக் கதைப்பார்கள். இல்லை, முடிந்தது, குறைந்தது, வெறுமை, போ என்ற சொற்களுக்குக் களத்துக்குள் இடமில்லை. முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணாமல் பறக்கத்து என்று எண்ணுவோம். வெறும் சாக்கை வெறும் சாக்கு என்று சொல்லக்கூடாது, நிறையப்போகிற சாக்கு. குவியலுக்குக் காது உண்டு, கேட்டால் சுருங்கிவிடும் என்பதுபோல ஒரு பதனம். இளந்தாரியாக இருந்தபோது நான் ஒருமுறை களத்தில் நின்று, "வாப்பா, சாக்கு முடிஞ்சிட்டு" என்று கூவினேன். வாப்பா மரைக்காலைக் கீழே வைத்துவிட்டார். ஆதம்பாவாதான் என் தோளைப் பிடித்துத் திருப்பி, வரப்புக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினான். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம். "காக்கா, நீங்க இஞ்ச நிண்டு கொக்குப் பாருங்க. அதுதான் நெல்லுக்கு நல்லம்."

4

எங்கள் கந்தோரில் முன்பு கவுண்டரில் இருந்தவர் ஒரு மலாய்க்காரர். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் வந்து அட்டையைக் காட்ட வேண்டும். அவர் தலையை நிமிர்த்தாமலே, "கெர்ஜா அடா?" என்பார். வேலை உண்டா? "தா அடா" என்பார்கள். இல்லை. டொக்கென்று ஒரு முத்திரை. அடுத்த ஆள்.

மாசியில் அவர் மாற்றலாகிப் போனார். செல்வராணி வந்தாள். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த பெண். வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. தொலைபேசியில் நான் ஆமாம் என்பதற்கு ஓம், ஓம் என்று கதைப்பதைக் கேட்ட முதல் நாளே, "என்ன சார், போன்லயே பூஜை பண்றீங்களா?" என்றாள். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் தமிழில்தான் கேட்பாள். அதுவும் அதிகாரியாக இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணாக: "வாங்கண்ணே. வேலைவெட்டியெல்லாம் எப்படிப் போகுது?"

அந்த மாத முடிவில் கணக்கைக் கூட்டினேன். நம்ப முடியவில்லை. மறுபடி கூட்டினேன். ஏறிக்கொண்டே போன கோடு தலை சாய்த்திருந்தது. வேலை கிடைத்துப் போனவர்களின் பத்தி வீங்கியிருந்தது.

எங்கள் பெரியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். வாயில் எந்நேரமும் பைப். அதில் பாதிநேரம் நெருப்பு இருக்காது. தாளின் முன்னால் நின்று அந்தச் சாய்வை விரலால் தடவிப் பார்த்தார். கொஞ்ச நாளாக அவர் முகத்தில் காணாத வெளிச்சம். "திரும்பிவிட்டது" என்றார். "ஈயம் இல்லாவிட்டாலும் இந்த மாநிலம் பிழைத்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லையா?" மேலிடத்துக்கு அனுப்பும் மாத அறிக்கையில் நல்ல சொற்களாகப் பொறுக்கிப் போட்டார். நான்தான் தட்டச்சு செய்தேன். எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்குச் செல்வராணி எல்லோருக்கும் வறுத்த நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான், வாங்கிக் கொடுத்தாள்.

வாசல் வரிசைதான் ஒன்றும் குறையவில்லை. தையற்காரரின் கடைவரைதான் நின்றது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. கச்சானைத் தின்றுகொண்டிருந்தேன்.

5

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆதம்பாவா வீட்டுக்கு வந்தான். சவுதா தேயிலை கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"காக்கா, என்னை மட்டும் கூப்பிடாம இரிக்கிறாங்க. எனக்குப் பிறகு வந்து பதிஞ்சவனுக்கெல்லாம் சீட்டு வருது. மார்ச்சு பாதி போயிட்டு."

"மாசம் தவறாமப் போய் முகத்தக் காட்டுறியா?"

"ஓம். போன மாசமும் போனன். இப்ப ஒரு தங்கச்சி இரிக்கிறா. தங்கமான புள்ள."

"அவ என்ன கேட்டா?"

"வேலைவெட்டியெல்லாம் எப்பிடியெண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"என்னத்தச் சொல்லுற? பறக்கத்தா இரிக்கி தங்கச்சி, ஒரு குறையும் கிடையாது, அல்ஹம்துலில்லாஹ் எண்டன். அவவுக்கு நல்ல சந்தோசம்."

தேயிலை என் மூக்கில் ஏறியது.

"ஓய்! உனக்கு வேலை கிடைச்சிட்டெண்டு எழுதி, பேர வெட்டிட்டாங்கடா!"

"ஆரு வெட்டின?"

"நீ சொன்னதக் கேட்டுத்தான் வெட்டின."

"நான் வேலை கிடைச்செண்டு எங்க சொன்னன்? குறை கிடையாதெண்டுதானே சொன்னன்?"

"முந்தி அந்த மலாய்க்காரர் கேட்டபோது தா அடா எண்டு சொன்னாய்தானே?"

"அது மலாய், காக்கா. மலாயில சொன்னா எங்கட களத்துக்குக் கேக்காது."

"கந்தோர் எப்பிடிடா களமாகும்?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கொக்குப் பார்க்க அனுப்பின அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "ரிஸ்க்கு, அல்லாஹ் தாற சோறு, அதை அளக்கிற இடம் களமில்லாம மறுகா என்ன? அந்தப் புள்ள தமிழில, மரியாதையாக் கேக்குறா. அவவுக்கு முன்னால நிண்டு இல்லண்டு சொல்ல எனக்கு நாக்கு வருமா?"

குசினிக்குள்ளிருந்து சவுதா குரல் கொடுத்தாள். "அவர் செஞ்சதுதான் சரி. ஆராவது அப்பிடிச் சொல்லுவாங்களா?"

"சரி, திங்கக்கிழமை வா. வந்து அவவுக்கு முன்னால இல்லண்டு ஒரு வார்த்தை சொல்லு. மறுகாப் பதிஞ்சிரலாம்" என்றேன். என் கையால் மாற்ற வழியில்லை. பெயர் வெட்டுப்பட்டவர் தாமே வந்து, தம் வாயால், வேலை இல்லை என்று சொன்னால்தான் திரும்பப் பதியலாம். அதுதான் எங்கள் விதி.

ஆதம்பாவா கோப்பையைக் கீழே வைத்தான். "பொஞ்சாதி புள்ள கப்பலேற நிக்கிற நேரம் காக்கா. நிறைவெண்டு சொல்லிட்டு, அதே வாயால மறுகா இல்லண்டு சொல்லச் சொல்லுறீங்க."

"சொல்லாட்டி அவங்க கப்பலேற ஏலாது."

"சொன்னா ஏறுவாங்களா?"

சவுதா வெளியே வந்து அவனுடைய கோப்பையை மறுபடி நிரப்பினாள். "அவர ஏன் நெரிக்கிறீங்க? கேக்குறவங்கதான் பிழையாக் கேக்குறீங்க" என்றாள். பெண்சாதி சொல்வதில் பாதியைத்தான் காதில் வாங்குகிற வழக்கப்படி அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவன் போன பிறகுதான் எனக்குக் கச்சான் ஞாபகம் வந்தது. ஆதம்பாவா தங்கியிருக்கிற வீட்டில் எங்கள் கரையைச் சேர்ந்தவர்கள் இன்னும் பலர். அதுபோல நாலைந்து வீடு. எல்லோரும் அதே சுரங்கங்கள், அதே வரிசை, அதே தங்கச்சி. எல்லோரும் பறக்கத்தாக இருக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் பொருளாதாரம் திரும்பிவிட்டது என்று மேலிடம் மகிழ்ந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பியது கல்முனைக் கரையின் நாவடக்கம்.

நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு காலண்டரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

6

திங்கட்கிழமை ஆதம்பாவா வந்தான். வெள்ளைச் சட்டை, துவைத்த சாரன், தலையில் தொப்பி. கலியாண வீட்டுக்கு வருகிறவன் மாதிரி. செல்வராணியிடம் நான் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, பேனாவை எடுத்துத் தயாராக இருந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு வேலை இல்லைதானே?"

ஆதம்பாவா வாயைத் திறந்தான். மூடினான். கூரையைப் பார்த்தான்.

"சொல்லுங்கண்ணே. சும்மா ஒரு வார்த்தை. இல்ல. அவ்வளவுதான்."

"அது… தங்கச்சி…"

"தலையாவது ஆட்டுங்களேன்."

தலை பக்கவாட்டில் போகப் பார்த்து, நடுவழியில் நின்று, மேலும் கீழுமாகப் போனது. வரிசையில் சிரிப்பு. அவனுக்குப் பின்னால் நின்ற சீனக் கிழவர், தாமும் சுரங்கத்தில் வேலை இழந்தவர், மலாயில் கத்தினார்: "அட, சொல்லித் தொலையப்பா! எனக்கு இல்லை, உனக்கு இல்லை, இங்கே நிற்கிற ஒருத்தனுக்கும் இல்லை!" ஆதம்பாவா இரண்டு கையையும் உயர்த்தி அவரைத் தடுத்தான். கிழவர் அந்தச் சொல்லை அத்தனை தடவை சொன்னது அவனுக்குத் தாங்கவில்லை.

"தங்கச்சி, வேற என்னவும் கேளுங்க. ஒண்டையும் மறைக்காமச் சொல்லுறன். இத மட்டும் கேக்காதீங்க."

செல்வராணி பேனாவை வாயில் வைத்துக் கடித்தாள். எனக்கு அந்த நொடியில் சவுதாவின் குரல் காதில் விழுந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"சரிண்ணே. அதை விடுங்க. உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும்?"

மதகைத் தூக்கிவிட்ட மாதிரி. "வெள்ளாமை வெட்டத் தெரியும், சூடடிக்கத் தெரியும், வரப்புக் கட்டத் தெரியும். கரைவலை இழுப்பன், வலையும் பொத்துவன். தறிக்கு நூல் சுத்துவன். வாய்க்கால் வெட்டுவன். தண்ணிக் கதவு எந்த நேரம் தூக்கணும், எந்த நேரம் விடணுமெண்டு பாக்க எங்கட வயல்வட்டைக்குப் பொறுப்பான விதானையார் என்னைத்தான் அனுப்புவார். கல்லோயாவில…"

"இருங்க, இருங்க!" அவள் கையைத் தூக்கினாள். அவன் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். அதில் எழுதியிருந்தது ஒரேயொரு சொல்: சுரங்கக் கூலி. மலாய்க்காரர் கேட்டது கடைசியாகச் செய்த வேலையை மட்டும்தான். இவனும் அதை மட்டும்தான் சொல்லியிருக்கிறான். அவள் எழும்பி ஓடினாள். கட்டொன்றைக் கிளறி ஒரு தாளை இழுத்துக்கொண்டு வந்தாள். மாநிலத்தின் வடக்கே கிரியான் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அங்கே வாய்க்கால் துப்புரவுக்கும் தண்ணீர்க் கதவு பார்க்கவும் ஆள் கேட்டுத் தாள் வந்து கிடந்தது. எங்கள் பதிவில் இருந்தவர்கள் முழுவதும் சுரங்கத்து ஆட்கள் என்றபடியால் ஒருவரும் அனுப்பப்படவில்லை.

"அண்ணே, எப்பப் போக முடியும்?"

"இப்ப."

"இப்பவே போக முடியும்னா…" அவள் கன்னத்தில் சிரிப்புக் குழி விழுந்தது. "அப்ப இப்போதைக்கு வேலை இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அத நீங்க சொல்லுறீங்க தங்கச்சி. நான் சொல்லல்ல."

"நான் சொல்றது போதுமா சார்?" என்று என்னைக் கேட்டாள். விதிப்படி போதாது. எனக்குப் பின்னால் அணைந்த பைப்பின் வாசனை வந்தது. பெரியவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது.

"என்ன கலவரம்?" என்றார்.

சொன்னேன். களத்தைச் சொன்னேன், நெல்லைச் சொன்னேன், சாக்கைச் சொன்னேன், கொக்கைக் கூடச் சொன்னேன். ஆங்கிலத்தில் அதெல்லாம் நொண்டி நொண்டித்தான் வந்தது. அவர் முகம் மெல்ல மெல்ல நீண்டது.

"அப்படியானால் போன மாதம்…"

"எங்கள் கரை ஆட்கள் எல்லோரும், ஐயா."

சுவரில் இருந்த சாய்வைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எவ்வளவு அழகான சாய்வு. அவர் என் மேசையிலிருந்த அழிப்பானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்கள் ஊரில் இப்படி மாதக் கணக்கு எடுத்தால் என்ன வரும்?"

"நிறைவு என்று வரும், ஐயா."

"எல்லா மாதமுமா?"

"வெள்ளாமை வெட்டு மாதத்தில் கொஞ்சம் கூடுதலாக வரும்."

பைப்பை வாயிலிருந்து எடுத்தார். சிரித்தாரா இருமினாரா என்று இன்றுவரை தெரியாது. "அந்த மனிதரைப் பதியுங்கள்" என்று செல்வராணியிடம் சொன்னார். "அனுப்பவும் செய்யுங்கள். இனி அவர்களிடம் முதலில் இந்தக் கேள்வியையே கேளுங்கள். என்ன தெரியும் என்று."

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் கரை ஆட்கள் வந்து போனார்கள். மருதமுனைக்காரர் ஒருவர் தறியின் சத்தத்தையே வாயால் அடித்துக் காட்டினார். இன்னொருவர் செல்வராணியின் மேசையில் கிடந்த சணல் கயிற்றை எடுத்து, கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வலைக் கண்ணைப் பின்னிக் கொடுத்துவிட்டுப் போனார். சிலருக்கு வேலை அமைந்தது. பலருக்கு இன்னும் அமையவில்லை. ஈயம் இன்னும் எழும்பவில்லை. ஆனால் இப்போது அவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். தாள் வரும்போது அவர்கள் பெயர் கிடக்கிறது.

மாத முடிவில் கோட்டைத் திருத்தி வரைந்தேன். மேலே, மேலே போனது. வேலை இல்லாதவர்களின் கோட்டைச் சீட்டியடித்துக்கொண்டு உயர்த்தி வரைந்த எழுதுவினைஞன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மார்ச் முடிய நாள் கிடக்கவே, ஆதம்பாவா கிரியானிலிருந்து அத்தாட்சியை வாங்கிக்கொண்டு வந்து குடிவரவுக் கந்தோரில் கொடுத்துவிட்டான்.

7

நோன்பும் பெருநாளும் கழிந்து, இன்று கப்பல்.

ஆதம்பாவா காலை வேலையை முடித்து நேரே ரயிலேறி வந்திருந்தான். சட்டை புதிது. செருப்பும் புதிது. இறங்குதுறையில் நிற்கமாட்டாமல் நடந்துகொண்டே இருந்தான். சவுதா அவனைப் பிடித்து இருத்தினாள், எழும்பிவிட்டான். மறுபடி இருத்தினாள்.

கப்பலிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தில் பாத்தும்மாவை அவன்தான் முதலில் கண்டான். கண்டதும், இத்தனை நேரம் நடந்த கால்கள் அசையவில்லை. அவளும் நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி, வரிசை. அவள் சேலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

வரிசை நகர்கிற நேரத்தில் நூரு எப்படியோ புகுந்து அந்தப் பிள்ளையிடம் போய்விட்டாள். றமீசா கையில் ஒரு தகரப் பெட்டி, ஊரிலிருந்து தொதல் இனிப்புக் கொண்டுவந்த பெட்டி. நூரு அதைக் கண்ணால் கேட்டாள். றமீசா மூடியைத் திறந்து காட்டினாள். கப்பலிலேயே வழித்துத் தின்றாகிவிட்டது; தகரம் பளபளத்தது.

"பறக்கத்து" என்றாள் றமீசா, வெகு மரியாதையாக.

நூரு பெட்டிக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஹாபிஸ் என்று சொல்ல வந்த உதடு அப்படியே நின்று, பிறகு சிரித்தது.

பாத்தும்மாவின் முறை வந்தது. அதிகாரி கடதாசிகளைப் புரட்டினார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் கேட்டார், ஊர் கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"கணவருக்கு இப்போதும் வேலை இருக்கிறதா என்று கேளுங்கள்."

கரைக்குக் கரை தப்பி வந்து, கடைசிக் கேள்வி இதுவா! எப்படிக் கேட்பது என்று நான் சொற்களை உருட்டிக்கொண்டிருந்தேன். ஆதம்பாவா மேசைக்கு மறுபக்கம், அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சி," என்றேன், "இவருக்கு வேலைவெட்டி எப்பிடியெண்டு இந்தத் துரை கேக்குறார்."

பாத்தும்மா என்னைப் பார்க்கவில்லை, துரையையும் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் இருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் ஈயம், சுரங்கம் என்று அவன் எழுதினதெல்லாம் அவளுக்கு விளங்கியிருக்காது. இது விளங்கியது. எட்டி அவன் பெருவிரலைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நகத்துக்குள் கறுப்பாக ஒரு கோடு.

"வாய்க்கால் சேறு" என்றாள் மெதுவாக. பிறகு கண்ணெல்லாம் நிறைந்து, கடலுக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தாள். "இவருக்கா வேலை இல்ல?"

"அடியேய்!" ஆதம்பாவா அலறினான். "வந்து கால் வெச்ச இடத்தில இல்லண்டா சொல்லுற? பறக்கத்தெண்டு சொல்லுடி!"

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் அதிகாரி.

"வேலை இருக்கிறதாம்" என்றேன்.

"பறக்கத்து" என்றாள் பாத்தும்மா. "பறக்கத்து!" என்றன அவளுக்குப் பின்னாலிருந்து இரண்டு சின்னக் குரல்கள், அதில் ஒன்று என் மகளுடையது.

முத்திரை விழுந்தது.